உழவர் என்ற சொல்லுக்குள் அடங்கியோர்: டி. எஸ். சேனநாயக்கவும் இலங்கையின் காணியும்

இலங்கையின் முதற் பிரதமராகிய டி. எஸ். சேனநாயக்கவை அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் தேசபிதா என்று போற்றுகின்றனர். தூர்ந்த குளங்களைச் சீர்செய்தவர், காட்டை வயலாக்கியவர், நிலமற்ற குடியானவனுக்கு நிலம் தந்தவர் என்பதே அவரைப் பற்றி அங்கே நிலைபெற்றுள்ள சித்திரம். மலையகத் தமிழர் வீடுகளில் அதே பெயர் வேறொரு நினைவோடு சொல்லப்படுகிறது. அவர்களுக்கு அவர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த சட்டங்களின் தலைவர். இவ்விரண்டில் எதுவும் பொய்யன்று. ஒருவரே இரண்டையும் செய்தார். ஒரே கொள்கையின் வழியில் நின்றே இரண்டையும் செய்தார் என்பது நம் கருத்து. அக்கொள்கையின் மையத்தில் இருந்தது ஒரு சொல். 'உழவர்' என்று யாரை அழைப்பது என்பதே அங்கு எழுந்த கேள்வி.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் இது அயல்நாட்டு வரலாறு மட்டுமன்று. நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த அதே காலத்தில், அதே வறட்சியிலிருந்து தப்பி, அதே கங்காணிகளின் பேச்சைக் கேட்டு, உறவினர் சிலர் கிழக்கே கப்பலேறினர். சிலர் தெற்கே இலங்கைக்குச் சென்றனர். 'கண்காணி' என்ற பழந்தமிழ்ச் சொல் இரு நாடுகளிலும் 'கங்காணி'யாகத் திரிந்து ஒரே பொருளில் வழங்கியது. இங்கே 'பால்மரம்' என்றது அங்கே 'இறப்பர்' ஆனது. இங்கே 'கிராணி' இருந்த இடத்தில் அங்கே 'கணக்கப்பிள்ளை' இருந்தார். துரைக்கு மட்டும் இரு கரையிலும் துரை என்றே பெயர்.

தொன் ஸ்டீபன் சேனநாயக்க 1880களின் முற்பகுதியில், கொழும்புக்கு வடகிழக்கே மீரிகமைக்கு அருகிலுள்ள போத்தலை என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தொன் ஸ்பேட்டர் சேனநாயக்க காரீயச் சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். ஆங்கில அரசிடம் முதலியார் பட்டம் பெற்றவர். மூன்று ஆண்மக்களுள் ஸ்டீபன் இளையவர். மூத்தவர்களுள் எஃப். ஆர். சேனநாயக்க இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று திரும்பியவர். அக்காலத்து அரசியலில் குடும்பத்தின் முகமாக விளங்கியவரும் அவரே. இளையவருக்குப் படிப்பில் பெரிய நாட்டம் இல்லை. கொழும்பு முகத்துவாரத்தில் அப்போதிருந்த புனித தோமையார் கல்லூரியில் பயின்றபின், நில அளவைத் திணைக்களத்தில் சிலகாலம் எழுத்தராக இருந்தார். பின்னர் அதை விட்டுவிட்டுத் தந்தையாரின் நிலங்களைப் பார்க்கச் சென்றார். புதிதாக வந்த இறப்பர்ப் பயிரை அந்நிலங்களில் வளர்த்தார். காடுகளிலேயே பொழுதைக் கழித்தமையால் 'காட்டு ஜான்' என்று பொருள்படும் பட்டப்பெயர் ஒன்று அவருக்கு வாய்த்தது. அதைக் கேலியாகச் சொன்னவர்களும் உண்டு; பின்னாளில் அதையே புகழாகச் சொன்னவர்களும் உண்டு.

அவரை உழவர் என்று சொல்லலாமா? ஏர் பிடித்து வயிறு வளர்த்தவர் அல்லர் அவர். தோட்ட உடைமையாளர், கூலிக்கு ஆள் வைத்துப் பயிர் செய்தவர். ஆயினும் கொழும்பு வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் நிரம்பிய அன்றைய அரசியல் வட்டத்தில், மண்ணின் தரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும், வாய்க்காலின் சரிவு சரியா என்று நடந்து பார்த்தே அறியவும் வல்லவராக இருந்தவர் அவர். 1935இல் தம் பெயரில் அவர் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பை 'வேளாண்மையும் நாட்டுப்பற்றும்' என்று பெயர்க்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன தலைப்பு அது. அந்த 'உம்' இடைச்சொல் எத்துணை வலிமை உடையது என்பதை இனிமேல் பார்ப்போம்.

சிறைக்குள் சென்ற நிலவுடைமையாளர்

அவர் அரசியலுக்கு வந்த வழி மதுவிலக்கு இயக்கம். 1912ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாராயக் கடைகளுக்கு எதிராகச் சிங்கள பௌத்தர்களிடையே எழுந்த அவ்வியக்கத்தில் சேனநாயக்க உடன்பிறந்தார் மூவரும் முன்னின்றனர். 1915இல் சிங்களர் முஸ்லிம்கள்மீது தொடுத்த கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. கலவரத்தை அடக்கும் பெயரில் ஆங்கில அரசு இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்து, மதுவிலக்கு இயக்கத் தலைவர்களையும் சேர்த்துப் பிடித்தது. விசாரணை இன்றி டி. எஸ். சேனநாயக்க 46 நாள் சிறையில் இருந்தார். இளைஞர் ஹென்றி பெதிரிஸ் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்நாள்களில்தான். 

அப்போது சட்டசபையில் சிங்களத் தலைவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த அவ்வேளையில் கடல்வழி இலண்டன் சென்று முறையிட்டார். அவர் திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்துச் சென்றனர் என்பது இலங்கை வரலாற்றில் பலகாலும் எடுத்துரைக்கப்படும் நிகழ்ச்சி. (கலவரத்தில் உயிரையும் உடைமையையும் இழந்த முஸ்லிம்கள் அந்த ஊர்வலத்தை எவ்வாறு பார்த்திருப்பார்கள் என்று கேட்போர் குறைவு.) 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசு தோன்றியபோது அதன் முதல் தலைவர் இராமநாதனின் தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம். ஆக, சேனநாயக்கவின் அரசியல் தொடக்கத்தில் தமிழர் அவருக்கு எதிர்நின்றவர்கள் அல்லர். வழக்காடியவர்களும் வழிநடத்தியவர்களும் ஆவர். 1924இல் நீர்கொழும்பிலிருந்து போட்டியின்றிச் சட்டசபைக்குத் தேர்வானார். 1926இல் அண்ணன் எஃப். ஆர். காலமானபின் குடும்பத்தின் அரசியற் பொறுப்பு முழுவதும் அவர் தோளில் விழுந்தது.

காணி

இலங்கைத் தமிழில் நிலத்துக்குப் பொதுப்பெயர் 'காணி'. சோழர் கல்வெட்டுகளைப் படித்த மாணவர்களுக்கு இச்சொல் புதிதன்று. வழிவழி வரும் நிலவுரிமையை அங்கே அது குறிக்கும். மண்ணைக் குறிக்கும் சொல்லுக்கும் உரிமையைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒரே வடிவம் இருப்பது இவ்வுரைக்கு மிகவும் பொருத்தமானது. ஏனெனில் காலனித்துவ ஆட்சி செய்த முதல் வேலை இவ்விரண்டையும் பிரித்ததுதான்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காணியும் காடும் எதிர்ச்சான்று காட்டப்படும்வரை முடிக்குரியவை என்று அறிவித்தது. கண்டிப் பகுதிச் சிற்றூர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே எரித்து விதைக்கும் சேனைப் பயிர்ச்செய்கை வழக்கம். மற்ற ஆண்டுகளில் அந்த நிலம் காடாகத்தான் கிடக்கும். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஊரார் அதை நம்பி வாழ்ந்தனர். அவர்களிடம் எழுத்துப் பத்திரம் எங்கே இருக்கும்? 'பாழ்நிலம்' என்று ஓர் ஆங்கிலச் சொல் எழுதப்பட்டவுடன் மலைச்சரிவுகள் விலைக்கு வந்தன. துரைமார் வாங்கிக் காப்பி நட்டனர். 1869 முதல் காப்பிச் செடியை இலைநோய் தின்னத் தொடங்கியபின் தேயிலை நட்டனர். உள்ளூர்ச் சிங்களக் குடியானவர் தம் வயலை விட்டுத் தோட்டத்தில் நிலையாகக் கூலி வேலை செய்ய இணங்கவில்லை. அதனால் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்களுள் வழியில் மாண்டவர் ஏராளம்.

இந்த வரிசையை மாணவர்கள் நன்கு நினைவிற் கொள்ள வேண்டும். நிலத்தை எடுத்தது ஆங்கில அரசு. அதனால் பயன் பெற்றவர் தோட்ட உடைமையாளர். அவர்களுள் காலப்போக்கில் சேனநாயக்க போன்ற உள்ளூர்ச் செல்வரும் உண்டு. ஆனால் நிலமிழந்த சிங்கள ஊரார் மலைச்சரிவை அண்ணாந்து பார்த்தபோது கண்ணில் பட்டவர் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள். இலண்டனில் இருந்த கம்பெனி பங்குதாரர் அவர்கள் கண்ணுக்கு எட்டவில்லை.

இருபதுகளில் இந்நிலை குறித்து அரசு வட்டாரத்திலேயே மனமாற்றம் ஏற்பட்டது. அதற்கு வித்திட்டவர்களுள் ஒருவர் நமக்கு நன்கு தெரிந்தவர். பகாங்கில் பணியாற்றி, மலாய் மக்களைப் பற்றிக் கதைகள் பல எழுதிய ஹியூ கிளிஃபர்டுதான் 1925 முதல் 1927 வரை இலங்கையின் ஆளுநர். அங்கிருந்து அவர் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராகச் சிங்கப்பூருக்கு வந்தார். பெருந்தோட்டம் ஒருபுறம் இருக்க, சிறு குடியானவனைக் காப்பதும் அரசின் கடமை என்ற கருத்து மலாயாவில் 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தில் முன்னரே உருப்பெற்றிருந்தது. இலங்கையில் 1927இல் காணி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினராக அமர்ந்த சேனநாயக்க, தம் வாழ்நாள் வேலை எது என்பதை அங்கே கண்டுகொண்டார் எனலாம். முடிக்குரிய காணியை விலைக்கு விற்பதை விடுத்து, மக்களின் தேவைக்கேற்பப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அக்குழுவின் அடிப்படைக் கருத்து.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. மலாயாவில் முதல் கூட்டரசுப் பொதுத்தேர்தல் 1955இல்தான் நடந்தது என்பதை ஒப்பிட்டால் அதன் பெருமை விளங்கும். மினுவாங்கொடையிலிருந்து அரசுப் பேரவைக்குத் தேர்வான சேனநாயக்க, வேளாண்மைக்கும் காணிக்கும் உரிய அமைச்சரானார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அப்பொறுப்பை அவர் விடவில்லை. வேறு துறை எதையும் விரும்பிக் கேட்டதாகவும் தெரியவில்லை.

வட மத்தியப் பகுதியின் உலர்வலயம் அவர் கண்முன் விரிந்து கிடந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன் மன்னர்கள் கட்டிய குளங்கள் காடுபிடித்துக் கிடந்தன. சிங்களத்தில் குளத்துக்கு 'வெவ' என்று பெயர். நம் தமிழில் வழங்கும் 'வாவி'க்கும் அதற்கும் ஒரே வடசொல் மூலம். மட்டக்களப்பார் தம் கடற்காயலை வாவி என்பர். அநுராதபுரத்தார் தம் குளத்தை வெவ என்பர். மகாசேன மன்னன் கட்டியதெனப்படும் மின்னேரியாக் குளத்தை ஒட்டி 1930களில் குடியேற்றத்தைச் சேனநாயக்க தொடங்கினார். மலேரியா அங்கே காத்திருந்தது. வந்தவர்களுள் பலர் நோய்க்கு அஞ்சி ஊர் திரும்பினர். அமைச்சர் மீண்டும் மீண்டும் அக்காடுகளுக்குச் சென்றார். குடிவந்தவனுக்கு நிலத்தை மட்டும் தந்தால் போதாது, காட்டை வெட்டித் தரவும் வீடு கட்டித் தரவும் முதல் விளைச்சல் வரை உதவவும் வேண்டும் என்பதைப் பட்டறிந்து கொண்டார். நாற்பதுகளின் நடுவில் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டு மலேரியா ஒடுங்கியபின்தான் அத்திட்டம் முழு வேகம் பெற்றது. பராக்கிரம சமுத்திரம் மீண்டும் நிறைந்தது. பொலன்னறுவை வயல்கள் விளைந்தன.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அவருடைய தலைசிறந்த ஆக்கம். நிலம் பெறுபவர் முதலில் அனுமதிப்பத்திரம் பெறுவார்; நன்கு பயிர் செய்தால் பின்னர் அளிப்புப்பத்திரம் பெறுவார். பெற்றதை விருப்பம்போல் விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, துண்டாட முடியாது. தமக்குப்பின் யாருக்கு என்று ஒருவரைப் பெயர் குறித்தல் வேண்டும். கடன்காரனிடம் நிலத்தை இழப்பதும், பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து வரப்பு மட்டும் மிஞ்சுவதும் குடியானவனின் இரு பெரும் கேடுகள் என்று அறிந்து, இரண்டையும் அடைத்த சட்டம் இது. மேசையில் அமர்ந்து மட்டும் எழுதியவரால் இதனைச் செய்திருக்க முடியாது. நிலம் பெற்ற குடியானவனைக் குழந்தைபோல் நடத்துகிறது என்று இதனைக் குறை கூறுவோர் இன்றும் உளர். நம் நோக்கில் அக்குறை சிறிது, பயன் பெரிது.

உள்ளே யார், வெளியே யார்

ஆனால் அந்நிலம் இலங்கையருக்கு உரியது என்றது சட்டம். இலங்கையர் என்ற அச்சொல்லின் வரையறைக்குள் தோட்டத் தமிழருள் பெரும்பாலோர் அடங்கவில்லை.

இங்கே சற்று நின்று சொற்களைப் பார்ப்போம். சிங்களத்தில் பயிர் செய்பவன் 'கொவியா'. நெல்வயலோடு பிணைந்த பெருமிதமான சொல் அது. இலங்கைத் தமிழில் அதற்கு நிகராக வழங்குவது 'கமக்காரர்'. கமத்தொழில் என்றால் வேளாண்மை. யாழ்ப்பாணத்தில் புகையிலை நடுபவர் கமக்காரர். வன்னியில் நெல் விதைப்பவரும் கமக்காரரே. நுவரெலியாவில் மூன்று தலைமுறையாகத் தேயிலை நட்டு, களை பறித்து, கவ்வாத்து வெட்டி, கொழுந்து கிள்ளியவரை எந்த மொழியிலும் எவரும் கொவியா என்றோ கமக்காரர் என்றோ அழைத்ததில்லை. அவர் 'தொழிலாளி', அதற்குமுன் 'கூலி'. தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். ஆட்சியாளர் ஆங்கிலத்தில் அது உழைக்கும் ஆளுக்கே பெயராகி, அந்தப் பொருளோடு மீண்டும் தமிழுக்குள் வந்தது. மண்ணோடு அவருக்கிருந்த உறவு பெயரிலேயே அறுக்கப்பட்டுவிட்டது. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு நிரல்களை வகுத்தபின், பெயரின் பிரிவு அரசாங்கத்தின் பிரிவாகவும் ஆயிற்று.

தோட்டத் தமிழருக்கு வாக்குரிமை தருவது பற்றி டொனமூர்ப் பரிந்துரைகள் விவாதிக்கப்பட்ட 1928ஆம் ஆண்டிலேயே சேனநாயக்க உள்ளிட்ட சிங்களத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதன் விளைவாக, நிலையான வதிவிடத்தை மெய்ப்பிக்கும் நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. 1936இல் அமைந்த அமைச்சரவையில் தேர்வு பெற்ற அமைச்சர் எழுவரும் சிங்களர். 1939இல் அரசுத் துறைகளில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை ஊருக்கு அனுப்பும் திட்டம் வந்தது. நேரு நேரில் வந்து பேசியும் பயனில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. மலாயாவுக்கு அத்தகைய தடை 1938இலேயே வந்துவிட்டது. இலங்கை இந்தியர் காங்கிரசு தோன்றியதும் இந்த 1939இல்தான்.

கொள்கையின் இரு முகங்களும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டதைக் காண விரும்புவோர் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். சுற்றிலுமுள்ள ஊர்களில் நிலமற்ற சிங்களக் குடும்பங்கள் பெருகியிருந்தன. தோட்டங்கள் அவர்களை நெருக்கிக்கொண்டிருந்தன என்பதில் ஐயமில்லை. ஊர் விரிவாக்கத்துக்காகச் சேனநாயக்கவின் அமைச்சு அத்தோட்டத்தை வாங்கியது. நியாயமான செயல்தான். உள்ளே லயன்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கு வெளியேறுமாறு அறிவிப்புத் தரப்பட்டது. அவர்கள் மறுத்தனர். அங்கேயே பிறந்து, அங்கேயே பெற்றோரைப் புதைத்தவர்கள் எங்கே போவது? அத்துமீறி நுழைந்தோர் என்று அவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1946இல் இதனை எதிர்த்து மலையகத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. நிலமிழந்தவனுக்கு நிலம் தர வேண்டும் என்ற அறம் ஒருபுறம். அந்நிலத்திலேயே வியர்வை சிந்தியவனும் நிலமற்றவன்தானே என்ற கேள்வி மறுபுறம். அமைச்சரின் காதில் இரண்டாவது ஏறவில்லை. அவர் கொடியவர் என்பதனால் அன்று. அவருடைய சொற்களஞ்சியத்தில் அத்தொழிலாளி உழவர் பட்டியலில் இல்லை. துரையின் தோட்டத்தோடு வந்தவர், தோட்டம் போனால் போகவேண்டியவர், அவ்வளவே.

அச்சமும் கூடவே இருந்தது. 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தொகுதிகள் பலவற்றில் இலங்கை இந்தியர் காங்கிரசார் வென்றனர்; நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றன. 95 இடங்களில் சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது 42 மட்டுமே. பிறர் துணையோடு பிரதமரானார். நிலவுடைமையாளராகிய அவருக்கு இடதுசாரி அச்சம் இயல்பானது; கண்டிச் சிங்களரின் பிரதிநிதித்துவம் குறைகிறது என்ற குறையும் அவர் காதில் ஓயாது ஒலித்தது. அவ்வாண்டு இறுதியில் தில்லியில் நேருவோடு நடத்திய பேச்சு உடன்பாட்டில் முடியவில்லை.

1948 பிப்ரவரி 4ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் நாட்டில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். தோட்டத்து லயனில் தந்தையின் பிறப்புப் பத்திரத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? நூறாண்டுக்கு முன் கண்டி ஊரார் காட்டு நிலத்துக்குப் பத்திரம் காட்ட முடியாமல் நின்ற அதே நிலையில் இப்போது தமிழ்த் தொழிலாளி நின்றான். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடுமையைச் சேனநாயக்கவைவிட நன்கறிந்த அரசியலாளர் எவருமில்லை. பத்திரமில்லாதவனிடம் பத்திரம் கேட்பது எத்தகைய சூழ்ச்சி என்பதை அறிந்தவர், அதையே தம் அரசு செய்ய இடங்கொடுத்தார். அவர்மீது நாம் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு இதுவே.

1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் நீண்டகால வதிவிடத்தைக் காட்டுவோர் விண்ணப்பிக்க வழி செய்தது. 48ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை இல்லாதாரின் வாக்குரிமையை நீக்கியது. 1946 குடிக்கணக்கின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். பல ஆண்டுகள் நீண்ட விசாரணைகளின் முடிவில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. தமிழ்த் தலைவர்களும் ஒன்றுபட்டு நிற்கவில்லை. ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். அவரிடமிருந்து பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகமும் தோழர்களும் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். மலையகத்தார்மீது தொடுக்கப்பட்ட சட்டம் வடகிழக்கின் அரசியலையே மாற்றி அமைத்தது.

அதே 1949இல் சேனநாயக்கவின் பெருங்கனவாகிய கல்லோயாத் திட்டத்துக்கான சபை சட்டப்படி அமைக்கப்பட்டது. அன்று மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அணை கட்டியது. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர்ப்பரப்புக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர். நாட்டின் மிகப்பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்று அது. அதன் கீழ்க் குடியமர்த்தப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பிற மாவட்டங்களிலிருந்து வந்த சிங்களர்; தமிழ், முஸ்லிம் குடும்பங்களும் ஒரு பகுதி உண்டு. இக்குடியிருப்புகளுக்குச் சிங்களத்தில் 'ஜனபத' என்று பெயர். பழைய நூல்களில் நாட்டையும் நாட்டு மக்களையும் குறித்த மதிப்புமிக்க சொல். இழந்த தாய்மண்ணுக்கு மீள்வது போன்ற உணர்வை அது எழுப்பும். தமிழில் வழங்கிய சொல் 'குடியேற்றம்'. வெளியிலிருந்து ஒருவர் வந்து ஏறுகிறார் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே வயலை ஒரு மொழி மீட்சி என்றும் மற்றொரு மொழி நுழைவு என்றும் அழைத்தால், அவ்விரு மொழியாரும் அவ்வயலைப் பற்றி என்ன பேசிக்கொள்ள முடியும்? 1956இல் கல்லோயாவில் தமிழர்மீது வன்முறை வெடித்தது. 1961இல் அப்பகுதி அம்பாறை என்ற தனி மாவட்டமாயிற்று. மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவர்கள் இந்த இரு சொற்களையும் தம் குறிப்பேட்டில் அருகருகே எழுதிக்கொள்ளலாம்.

கல்லோயா வயல்கள் முழுதும் விளைவதைச் சேனநாயக்க காணவில்லை. நாள்தோறும் காலையில் குதிரையேறிச் செல்வது அவர் வழக்கம். 1952 மார்ச் 21ஆம் நாள் காலை காலிமுகத் திடலில் சவாரி செய்தபோது குதிரையிலிருந்து விழுந்தார். மறுநாள் உயிர் நீத்தார். அவருடைய அமைச்சரவையில் வேளாண்மைக்கும் காணிக்கும் பொறுப்பேற்றிருந்த மகன் டட்லி சேனநாயக்க பிரதமரானார். மே மாதம் பொதுத்தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக்கு முன் வாக்களித்த தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஏப்ரல் இறுதியில் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் இலங்கை இந்தியர் காங்கிரசார் தொடங்கிய சத்தியாக்கிரகம், தேர்தல் முடிந்தபின்னும் பல வாரங்கள் நடந்துகொண்டிருந்தது.